பெல்லன்வில-அத்திடிய சரணாலயத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அதற்கு நாம் எவ்வாறு உதவலாம்?

நீங்கள் விடுமுறை நாளொன்றில், வெயில் ஏறிய பிறகு பிள்ளைகளோடு கொழும்பை அடுத்துள்ள இந்தச் சதுப்புநிலத்துக்குப் போய், சேற்றையும் கோரைப் புல்லையும் பார்த்துவிட்டுச் சலிப்புடன் திரும்பியிருப்பீர்கள் என ஊகிக்கிறேன். நானும் முதல் தடவை பத்து மணிக்குப் போய், ஒரு கபரகொய்யாவை (நீர் உடும்பை) மட்டுமே கண்டேன். காலை ஆறரைக்கு முன் போய் ஓரிடத்தில் அரை மணி நேரம் பேசாமல் நின்று பாருங்கள். நீலத் தாழைக்கோழி ஒன்று கோரைத் தண்டை விரல்களால் பற்றி, நாம் கரும்பு கடிப்பதைப் போல அலகுக்குக் கொண்டுபோய்க் கடித்ததைக் கண்ட என் மகள், அதன் பிறகு மிருகக்காட்சிசாலையைப் பற்றிக் கேட்டதே இல்லை.

ஆனால் உங்கள் கேள்வி என்னைச் சுட்டதற்குக் காரணம் வேறு. தெஹிவளையில் என் தந்தை வாங்கிய எட்டுப் பேர்ச் காணி, முன்னர் வயலாக இருந்து மண் நிரப்பப்பட்டது. நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்த 2010 நவம்பர் மழையில், எங்கள் வீட்டிலும் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அம்மாவின் தையல் இயந்திரப் பலகை ஊறி உப்பியதால் அதன் இழுப்பறை இன்றுவரை திறப்பதில்லை. 1990 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த 372 ஹெக்டேயர் நிலம், பறவைகளுக்கு இடமளிப்பதோடு இத்தகைய மழைநீரைத் தேக்கி மெதுவாக வெளியேற்றவும் செய்கிறது. நிரப்பிய காணியில் குடியிருப்பவன் இதைப் பேசலாமா என்று சிலர் இங்கே எழுதக்கூடும். அந்தத் தண்ணீருக்குள் நின்றவன் என்பதால்தான் பேசுகிறேன்.

உதவி என்றதும் பலரும் நன்கொடையை நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் கடிதமே பயன்பட்டது. சதுப்பின் ஓரத்தில் டிப்பர் ஒன்று கட்டட இடிபாடுகளைக் கொட்டுவதைக் கண்டு, ஓர் அலுவலகத்துக்குத் தமிழில் முறையிட்டேன். தமிழும் அரச கரும மொழியாக இருக்கும் நாட்டில், மூன்று மாதங்களுக்குப் பின் சிங்களத்தில் மட்டுமே பதில் வந்தது: அந்த இடம் தங்கள் எல்லைக்குள் இல்லையாம். அதற்குள் இடிபாட்டின் மேல் புல்லே முளைத்துவிட்டது. அடுத்த தடவை, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ் 2018 இல் கொழும்புக்குக் கிடைத்த ஈரநில நகர அங்கீகாரத்தையும் சுட்டிக்காட்டி, பக்கத்து வீட்டு ஆசிரியையின் உதவியுடன் சிங்களப் பிரதியையும் இணைத்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஆகவே போகும்போது கைபேசியில் வாகன இலக்கத்தகடு தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, திகதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.