கேர்னலில் பூட்டுப் பிழை தேடும் மகன்: ஒட்டுசுட்டானில் இருந்து வந்த அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

போன கிழமை கிளிநொச்சிக்கு வந்து நீங்கள் கேட்ட கேள்விக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிவிட்டீர்கள். உங்கள் முகத்தில் இருந்த கவலை அப்படியே இருந்தது. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். இதே கவலையோடு வேறு பெற்றோரும் வருகிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும். மகனின் பெயரை எங்கும் போடவில்லை.

நீங்கள் சொன்னது இதுதான். மகன் அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் கணினிப் பொறியியல் 3 ஆம் வருடம். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஆப் செய்கிறார்கள், கடைகளுக்கு இணையத்தளம் செய்து கொடுத்துக் கைச்செலவுக்குக் காசு எடுக்கிறார்கள். இவன் லீவில் வீட்டுக்கு வந்தாலும் கறுப்புத் திரையைப் பார்த்தபடி விடிய விடிய இருக்கிறான். கேட்டால் "கேர்னல் மெமரியில் ஒரு ரேஸ் தேடுகிறேன்" என்கிறான். லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு எழுதி அனுப்பிய திருத்தம் மூன்று தரம் திரும்பி வந்துவிட்டது. கொழும்பில் இருக்கிற சித்தப்பா "இதற்கு இலங்கையில் வேலையே இல்லை" என்று சொல்லிவிட்டார். பிள்ளை வழி தவறிப் போகிறானோ என்று கேட்டீர்கள்.

இல்லை அம்மா. அவன் போவது நல்ல வழி, ஆனால் நீளமான வழி. எவ்வளவு நீளம் என்று உங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தால் வீட்டில் இந்தச் சண்டை வராது.

அவன் என்ன செய்கிறான் என்பதை முதலில் சொல்கிறேன். அது விளங்காமல் வேலையைப் பற்றிக் கதைத்துப் பிரயோசனம் இல்லை.

கணினிக்குள் ஓடுகிற ஒவ்வொரு செயலிக்கும் நினைவகத்தில் இடம் வேண்டும். அந்த இடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னல். பெரும்பாலான கணினிகளில் ஒரு துண்டு 4 கிலோபைட். கேர்னலைப் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டு யாருக்கு, யார் பார்க்க மட்டும் வரலாம், யார் பயிர் செய்யலாம் எல்லாம் அதன் பதிவேட்டில் இருக்கும். ஒரே காணிக்கு இரண்டு பேரின் கையில் அனுமதிப்பத்திரம் இருக்கிற கதையை வன்னியில் கேட்காதவர் இல்லை. அது எப்படி நடக்கும்? ஒரு எழுதுவினைஞர் பதிவேட்டைப் பார்க்கிறார், துண்டு வெறுமையாக இருக்கிறது. அவர் எழுதப் பேனை எடுப்பதற்குள் மற்ற எழுதுவினைஞரும் அதே பக்கத்தைப் பார்க்கிறார், அவருக்கும் வெறுமையாகத்தான் தெரிகிறது. இரண்டு பேரும் எழுதிவிடுகிறார்கள். இரண்டு பேரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள், ஆனால் பிழை நடந்துவிட்டது. இதைத்தான் தம்பி ரேஸ் என்கிறான்.

இதைத் தடுக்கத்தான் பூட்டு. பதிவேடு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் எழுதலாம், மற்றவர் காத்திருக்க வேண்டும். லினக்ஸில் ஒரு செயலியின் நினைவகப் பதிவேடு முழுவதற்கும் நீண்ட காலம் ஒரே ஒரு பெரிய பூட்டுத்தான் இருந்தது. பல பேர் ஒன்றாக இருந்து பார்க்கலாம், எழுதுவதென்றால் ஒருவர் மட்டும். அதன் பெயர் எம்மேப் லொக். ஒரு கணினியில் ஒன்றிரண்டு புரொசெசர் இருந்த காலத்தில் அது போதும். இன்றைக்குப் பெரிய சேர்வர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. எல்லாம் ஒரே பூட்டுக்கு வரிசையில் நின்றால் வேலை ஓடாது. அதனால் 2023 இல் வந்த லினக்ஸ் 6.4 இல், நினைவகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பூட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு கிராம சேவையாளர் பிரிவுக்கும் தனிப் பதிவேடு கொடுத்தது போல.

நல்ல மாற்றம்தான், ஆனால் வெளியிட்டவுடனேயே ஒரு பிழை தெரிந்தது. ஒரு செயலி தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கும்போது முழுப் பதிவேட்டையும் பிரதி எடுக்க வேண்டும். பிரதி எடுக்கிறவர் பெரிய பூட்டைப் பிடித்திருந்தார். சின்னப் பதிவேடுகளைப் பூட்டவில்லை. பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போதே அதே செயலியின் இன்னொரு பகுதி சின்னப் பூட்டை மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து ஒரு துண்டை மாற்றிவிட்டது. சிலரின் கணினிகளில் செயலிகள் காரணம் தெரியாமல் விழுந்தன, தரவு கெட்டது. அந்த வசதியைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைத்தார்கள். பிறகு, பிரதி எடுக்கும்போது தாய்ச் செயலியின் சின்னப் பூட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும் என்று திருத்தினார்கள். அந்தத் திருத்தம் மிகச் சிறியது. அதை எந்த இடத்தில் போட வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் அறிவும் பொறுமையும் போயின.

இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. 2016 ஒக்டோபரில் "டேர்ட்டி கவ்" என்ற பிழை வெளிவந்தது. வாசிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு கோப்பில் எழுதவும் அது வழி விட்டது. தாக்குகிறவரின் செயலி ஒரு பக்கம் அந்தக் கோப்பின் தன் சொந்தப் பிரதியில் எழுதக் கேர்னலிடம் கேட்கும். மறுபக்கம் "அந்தப் பிரதியை எறிந்துவிடு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். சரியான நொடியில் இரண்டும் சந்தித்தால் கேர்னல் குழம்பி மூலக் கோப்பிலேயே எழுதிவிடும். சாதாரணப் பயனாளர் முழுக் கணினிக்கும் சொந்தக்காரராகிவிடலாம். அன்ட்ரொயிட் போன்களும் லினக்ஸ் கேர்னலில்தான் ஓடுகின்றன, அவையும் இதில் அகப்பட்டன. அந்தப் பிழை 2007 இலிருந்து அங்கேயே இருந்தது. அதற்கும் முன்பு, 2005 இல், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இந்த ரேஸின் பழைய வடிவத்தைத் திருத்தப் பார்த்து, அந்தத் திருத்தம் வேறொரு இடத்தில் கரைச்சல் கொடுத்ததால் திரும்ப எடுக்கப்பட்டது. அதை அவரே 2016 திருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார். மகனின் திருத்தம் மூன்று தரம் திரும்பி வந்ததை நினைத்து அழுதீர்களே, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

விடிய விடிய ஏன் இருக்கிறான் என்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்த மாதிரியான பிழை பத்தாயிரம் தடவை ஓட்டினால் ஒரு தடவைதான் வரலாம். எங்கே பிழைக்கிறது என்று பார்க்க நடுவில் ஒரு வரி எழுதிப் போட்டால், அந்த ஒரு வரியால் நேரம் கொஞ்சம் மாறி, பிழை ஒளிந்துகொள்ளும். ஆகவே இரவு முழுக்க ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் காத்திருக்க வேண்டியது கணினிதான். பிள்ளை நித்திரை கொள்ளலாம். சோதனையைத் தானாக ஓடவிட்டுப் பதிவைக் காலையில் பார்க்கிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லுங்கள், அதுவே தொழில் தெரிந்தவர்களின் வழக்கம். இதற்கென்றே கருவிகளும் இருக்கின்றன. பூட்டில்லாமல் இரண்டு பேர் ஒரே இடத்தைத் தொடுவதைக் கேசிசான் பிடிக்கும். விட்டுக்கொடுத்த இடத்துக்குள் திரும்பப் போவதைக் கேஏசான் பிடிக்கும். வாய்க்கால் கரையில் எதிரெதிரே வந்த இரண்டு லாண்ட்மாஸ்டர்கள் போலப் பூட்டுகள் ஒன்றையொன்று மறித்து நிற்கக்கூடிய ஒழுங்கை, அது இன்னும் நடக்காவிட்டாலும், லொக்டெப் காட்டிக்கொடுக்கும். இவற்றை அவன் பாவிக்கிறானா என்று நான் கேட்கிறேன், நீங்கள் நித்திரையை மட்டும் பாருங்கள்.

சரி, இனி வேலை.

சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை. "கேர்னல் டெவலப்பர் தேவை" என்று கொழும்பில் விளம்பரம் காண்பது அரிது. மற்றப் பாதியை அவர் சொல்லவில்லை. லினக்ஸ் கேர்னலில் எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். இன்டெல், கூகிள், ரெட் ஹற், ஒரக்கிள், மெட்டா, சூசே போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே ஆட்களை வைத்திருக்கின்றன. இந்தத் தொழிலில் வீட்டிலிருந்து வேலை செய்வது புதிதும் இல்லை. திருத்தங்கள் மின்னஞ்சலில்தான் போகின்றன, வருகின்றன. நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, உங்கள் வரிகள் சரியா என்றுதான் கேட்பார்கள்.

இலங்கைக்குள்ளேயும் இந்த அறிவுக்கு இடம் இருக்கிறது, வேறு பெயரில். மாலபேயில் இருந்து பங்குச்சந்தைகளுக்கு மென்பொருள் செய்த மில்லேனியம் ஐ.டி. நிறுவனத்தை லண்டன் பங்குச்சந்தை 2009 இல் வாங்கியது. ஒரு கண்ணிமைப்பில் ஆயிரக்கணக்கான கொடுக்கல் வாங்கல் நடக்கிற அப்படியான மென்பொருளில் பூட்டை எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது என்று தெரிந்தவர்தான் வேண்டும். தரவுத்தளம், கிளவுட், இயந்திரங்களுக்குள் வைக்கிற சின்னக் கணினி, எல்லாவற்றிலும் அப்படித்தான். என் அபிப்பிராயம், முதல் வேலை இந்த மாதிரி ஒன்றாக இருக்கட்டும். கேர்னல் நினைவகப் பகுதி என்பது மூன்று நான்கு வருட அனுபவத்தோடு போய்ச் சேருகிற இடம். படிப்பு முடிந்த மறுநாளே அங்கே வேலை கிடைக்கும் என்று அவனும் நினைக்கக் கூடாது, நீங்களும் எதிர்பார்க்கக் கூடாது.

அவன் நேரே லினக்ஸின் நினைவகப் பகுதிக்குள் இறங்கியது கொஞ்சம் அவசரம் என்று நினைக்கிறேன். நீச்சல் பழகாமல் முத்தையன்கட்டுக் குளத்தின் நடுவில் குதித்தது போல. எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் மாணவர்களுக்கென்று எக்ஸ்வி6 என்ற சின்ன இயங்குதளம் வைத்திருக்கிறது. அதன் நிரலும் பயிற்சிகளும் இலவசம். சாதாரண மடிக்கணினியில் கியூஎமு என்ற மென்பொருளுக்குள் ஓடும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அதில் ஒரு பயிற்சியில், வெற்று நினைவகத் துண்டுகளின் பட்டியல் முழுவதற்கும் ஒரே பூட்டு இருக்கும். அதை ஒவ்வொரு புரொசெசருக்கும் ஒரு பட்டியலும் ஒரு பூட்டுமாகப் பிரிக்க வேண்டும். தன் பட்டியல் முடிந்தவர் பக்கத்துக்காரரின் பட்டியலில் இருந்து எடுக்கலாம். எடுக்கும்போது என் பூட்டைப் பிடித்தபடி அவருடையதையும் பிடிப்பதா, அவரும் அதே நேரம் என்னிடம் எடுக்க வந்தால் என்ன நடக்கும்? இந்த ஒரு கேள்வியை ஒரு மாதம் இருந்து முழுதாக யோசித்த பிள்ளைக்கு, லினக்ஸில் திருத்தம் ஏன் திரும்பி வந்தது என்று தானே விளங்கும். பிரதி எடுக்கிறதைத் தள்ளிப்போடுகிற இன்னொரு பயிற்சியும் அங்கே இருக்கிறது. டேர்ட்டி கவ் பிழை பிறந்த வகையான இடம் அது. அதையும் செய்யட்டும்.

அதற்குப் பிறகு லினக்ஸுக்கு வரலாம், ஆனால் ஓரத்தில் இருந்து. ஸ்டேஜிங் என்ற பகுதியில் சின்னத் திருத்தங்களை அனுப்பி, மின்னஞ்சல் முறையையும் அங்கே பழகுகிற முறையையும் கற்றுக்கொள்ளலாம். லினக்ஸ் பவுண்டேஷன் நடத்துகிற வழிகாட்டல் திட்டத்தில் கேர்னல் பிழை திருத்தத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, இங்கிருந்தபடியே சேரலாம். கூகிள் 2005 இலிருந்து நடத்துகிற கோடைகாலத் திட்டம் இன்னொன்று. அதில் வேலைக்குக் கொடுப்பனவும் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் அதில் உலக அளவில் முன்னுக்கு நின்றவர்கள். அறிவியல் நகரில் படிக்கிற பிள்ளைக்கும் அதே கதவுதான், 18 வயது நிரம்பியிருந்தால் விண்ணப்பிக்கலாம்.

ஆங்கிலம் முக்கியம், ஆனால் நீங்கள் பயப்படுகிற ஆங்கிலம் இல்லை. மேடையில் பேச வேண்டியதில்லை. "முதலாவது புரொசெசர் இந்த வரியில் நிற்கிறது, இரண்டாவது இந்த வரிக்கு வருகிறது, அப்போது இது நடக்கிறது" என்று ஒழுங்காக எழுதத் தெரிய வேண்டும். கேர்னலில் ரேஸ் திருத்தங்களின் விளக்கத்தில் இரண்டு புரொசெசர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாக எழுதிக் காட்டுவார்கள். அதை முதலில் தமிழில் கொப்பியில் எழுதிப் பார்த்துவிட்டு மொழிமாற்றச் சொல்லுங்கள். நான் சந்தித்த பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலத்தில் குறை இருக்கவில்லை. நடந்ததைத் தங்களுக்கே ஒழுங்காகச் சொல்லிப் பார்க்காததுதான் குறை.

பட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. கைத்தொழிற் பயிற்சிக்கு இடம் தேடுகிற காலம் வருகிறது, அப்போது பெறுபேறு பார்ப்பார்கள். பரீட்சைக்கு முந்திய ஆறு கிழமை கேர்னலைத் தொடக்கூடாது. மற்ற நாளில் இரண்டு மணித்தியாலம், கிழமையில் ஒரு நாள் நீளமாக. இதை நான் அவனிடம் நேரே சொல்கிறேன். உங்கள் வாயால் சொன்னால் தடுக்கிறீர்கள் என்று நினைப்பான்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உறவுக்காரர் வந்து "மகன் என்ன செய்கிறான்" என்று கேட்கும்போது தலையைக் குனியாதீர்கள். ஒரு காணிக்கு இரண்டு பத்திரம் எழுதப்படாமல் பார்க்கிற வேலை செய்கிறான் என்று சொல்லுங்கள். அவர்களுக்கு உடனே விளங்கும்.

இளையவளைப் பற்றியும் கேட்டீர்கள். அவளுக்கு உயர்தரம் முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, பம்பைமடுவிலும் தகவல் தொழில்நுட்பம் படிக்கலாம். இப்போதைக்குக் கணிதத்தை விடாமல் பிடிக்கட்டும், அதைத் தனியாகக் கதைப்போம்.

அடுத்த கிழமை செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் அலுவலகத்தில் இருப்பேன். தம்பியை வரச் சொல்லுங்கள். திரும்பி வந்த அந்த மூன்று மின்னஞ்சல்களையும் அச்செடுத்துக் கொண்டு வரட்டும். ஒவ்வொன்றிலும் அவர்கள் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று இருவரும் இருந்து வரிவரியாக வாசிப்போம்.