நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுத்தே கலை ஆர்வம் வற்றிவிட்டது. இந்தத் தொழிலை விட்டுவிடலாமா?

கேட்டவரின் நிலைமை இது: விழா, மாநாடு, திருமணம் என்று ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது, வருமானத்துக்குக் குறையில்லை. ஆனால் தனக்காக ஒரு படம் எடுக்கலாம் என்று கேமராவைத் தூக்கினால் ஒன்றும் அமைவதில்லை, அதற்கு நேரமும் கிடைப்பதில்லை.

நானும் இதே பிழைப்பில் இருப்பவன். நிகழ்ச்சி வேலை கலையைக் கொல்லும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கையைக் கெடுக்கும்.

வழக்கமான புலம்பல்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஃபிரேமுக்குள் நீளும் மொபைல்கள், தோளைத் தட்டி "எங்களையும் ஒண்ணு எடுங்க" என்பவர்கள், விடிவதற்குள் "போட்டோ ரெடியா?" என்று வரும் மெசேஜ். இதெல்லாம் தொழிலோடு பிறந்தவை, பழகிவிடும். எனக்கு இன்னும் ஆறாத கோபம் மேடை விளக்கின் மேல்தான். ஊதா எல்இடியை நேராக முகத்தில் அடிப்பார்கள். நீல நிறம் மட்டும் நிரம்பி வழிந்து மூக்கு, கன்னம், நெற்றி எல்லாம் ஒரே ஊதாத் திட்டாகிவிடும். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எங்கே திருப்பினாலும் தோலின் நிறம் வராது, ஏனென்றால் அது பதிவாகவே இல்லை. கருப்பு வெள்ளைக்கு மாற்றினால் முகம் ஓரளவு மீளும். உடனே "இது கலர்ல இல்லையா?" என்று கேட்பார்கள். சில விளக்குகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம், ஷட்டர் வேகத்தை நொடியில் 1/500 பங்காக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக வந்து நிற்கும். 1/100க்கு இறக்கினால் பட்டை போய்விடும், கைதட்டும் கைகள் கலங்கிவிடும்.

சரி, இதெல்லாம் எரிச்சல்தான். உண்மையான சிக்கல் வேறு. நிகழ்ச்சிப் படத்தைப் பார்க்கப்போகிறவர் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறார். முதலில் தன்னைத் தேடுவார். கண் திறந்திருக்கிறதா, வயிறு தெரிகிறதா, பக்கத்தில் இருக்க வேண்டியவர் இருக்கிறாரா என்று பார்ப்பார். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பது அவருக்கு எதற்கு? கலைக்காக எடுக்கும் படமோ, அதில் இருப்பவர் யாரென்றே தெரியாத ஒருவரை நிறுத்திவைக்க வேண்டும்.

ஒரு மாநாட்டில் பேசி முடித்த அம்மா திரைக்குப் பின்னால் வந்து, சுவரில் ஒரு கையை ஊன்றி, செருப்பைக் கழற்றிக் குதிகாலைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரை இடுக்கு வழியாக மேடை வெளிச்சம் ஒரு கோடாக அவர் முதுகில் விழுந்தது. அன்றைக்கு எடுத்ததில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். ஏற்பாட்டாளர்கள் அதைத்தான் முதலில் நீக்கச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். அந்த அம்மா கௌரவமாகத் தெரிய வேண்டும் என்பதற்குத்தானே என்னைக் கூப்பிட்டார்கள்?

அப்புறம், கை எப்படிக் கெடுகிறது என்பது. விருது கை மாறும் நேரத்தில் யாராவது ஒருவர் கண்ணை மூடுவார், அதனால் ஷட்டரை விடாமல் அழுத்துவோம். ஒரு கார்டு போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டிலும் பதிவு செய்வோம். அகலமாக ஒன்று, நெருக்கமாக ஒன்று, செங்குத்தாக ஒன்று. எதுவும் விட்டுப்போகக் கூடாது என்ற பயத்தின் மேல்தான் இந்த வேலையே நிற்கிறது. ஓய்வு நாளில் தெருவில் ஒரு நல்ல நிழலைப் பார்த்தாலும், மனசு காத்திரு என்கிறது, விரல் அதற்குள் அகலம், நெருக்கம், செங்குத்து எல்லாவற்றையும் எடுத்து முடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபோகஸ் சரி, வெளிச்சம் சரி, ஆனால் இரண்டாவது முறை பார்க்க ஒன்றும் இல்லை. உங்களுக்கும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

நிகழ்ச்சி என்பதாலேயே கலை வராது என்று சொல்லவில்லை. 1970களில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் லாரி ஃபிங்க் விருந்துகளுக்குள் போய், ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து பிரித்துக் கையில் பிடித்து எடுத்த படங்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1979இல் காட்சிக்கு வைத்தது. இன்னொரு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட் 1969இல், கலைஞர்களுக்கும் தரப்படும் குகன்ஹெய்ம் உதவித்தொகை வாங்கிக்கொண்டு பத்திரிகையாளர் சந்திப்பு, அருங்காட்சியகத் திறப்பு, ஆர்ப்பாட்டம் என்று நாம் நிற்கும் மாதிரி இடங்களில்தான் நின்றார். ஆனால் யார் யாரை எடுக்க வேண்டும் என்று அவர்கள் கையில் யாரும் பட்டியல் கொடுக்கவில்லை. 1984இல் வினோகிராண்ட் இறந்தபோது கழுவப்படாத ஃபிலிம் சுருள்கள் மட்டும் ஏறக்குறைய 2,500 இருந்தன. அதை நம் வாடிக்கையாளரிடம் சொல்லிப் பாருங்கள்!

அதனால் தொழிலை விட வேண்டாம், இரண்டையும் கலக்காதீர்கள். நிகழ்ச்சியில் பட்டியலை முடியுங்கள், மிச்ச நேரத்தில் எது கிடைத்தாலும் லாபம். சொந்தப் படத்துக்கு வேறு கருவி வையுங்கள். எனக்கு ஒரே ஒரு 35 எம்எம் லென்ஸ். ஜூம் இல்லை, தொடர் ஷாட்டை அணைத்துவிடுவேன், எடுத்த படத்தைக் கேமராத் திரையில் பார்ப்பதில்லை. நிகழ்ச்சிக்கு மறுநாள் கேமராவைத் தொடுவதே இல்லை, விரலில் அந்தப் பதற்றம் இன்னும் இருக்கும்.

நேரம் இல்லை என்றீர்களே, நேரத்தைத் தின்பது பெரும்பாலும் நிகழ்ச்சி அல்ல, அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து பொறுக்கியெடுக்க உட்காரும் இரவுகள்தான். ஒரே குரூப் போட்டோவின் ஒன்பது பிரதிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் யாருக்கும் கலை வளராது. பொறுக்கும் வேலையைச் சம்பளம் கொடுத்து வேறொருவரிடம் விடுங்கள். வருமானம் கொஞ்சம் குறையும், வாரத்தில் இரண்டு மாலை கையில் கிடைக்கும்.