கடுகு நத்தையின் கோணல் வாய்

ஐயா,
போன ஞாயிறு ஏற்காட்டில் நண்பரின் காப்பித் தோட்டத்தில் சருகைக் கிளறியபோது, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய நத்தை ஓடு ஒன்று கிடைத்தது. ஒழுங்காகச் சுருண்டு வந்து, கடைசியில் வாய் மட்டும் மேலே திரும்பித் தன் முதுகையே பார்க்கிறது. பெரிய நத்தையின் குஞ்சா, ஊனமான ஓடா? படம் இணைத்திருக்கிறேன்.
கே., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள கே.,

குஞ்சு இல்லை. படத்தைப் பெரிதாக்கி வாய் விளிம்பைப் பாருங்கள், புனல் மாதிரி விரிந்து தடித்திருக்கிறது. வளரும் நத்தைக்கு விளிம்பு மெல்லிசாக, பிளேடு போல இருக்கும். ஓடு அங்கிருந்துதானே நீள வேண்டும்? இப்படி உதடு கட்டிவிட்டால் வளர்ச்சி முடிந்தது என்று அர்த்தம். உங்களுக்குக் கிடைத்தது முழு வளர்ந்த ஆள்.

ஊனமும் இல்லை. ஒபிஸ்தோஸ்டோமா என்று ஒரு பேரினமே உண்டு. கிரேக்கத்தில் 'பின்பக்க வாய்'. புவியியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்கள் 1860இல் அந்தப் பெயரை வைத்தது நம் நீலகிரி நத்தை ஒன்றைப் பார்த்துத்தான். கடைசிச் சுற்று ஏற்காடு ரோட்டின் கொண்டை ஊசி வளைவு போல விலகித் திரும்பிவிடும். மலேசியாவின் குனுங் ராப்பாட் குன்றிலிருந்து 2008இல் விவரிக்கப்பட்ட, இதே பேரினத்து வெர்மிகுலம் என்ற இனம் இன்னும் ஒரு படி மேல். நான்கு வெவ்வேறு அச்சுகளில் சுருள்கிறது, கை நடுங்கப் பிழிந்த முறுக்கு மாதிரி!

உங்களுடையதும் அதே பேரினமா என்று ஒற்றைப் படத்தை வைத்துச் சொன்னால் அது ஜோசியம். பக்கவாட்டிலும் எடுத்து அனுப்புங்கள்.

மலேசியாவில் இவை சுண்ணாம்புக் குன்றுகளில் வாழ்பவை, ஓடு கட்டக் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையோ சார்னோக்கைட் என்ற கடினப் பாறை, சுண்ணாம்புக்கல் அல்ல. அடிவாரத்து வெள்ளைக்கல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது மாக்னசைட். அதில் இருப்பது மக்னீசியம். அதனால்தான் சருகு முக்கியம், இலையில் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து இருக்கும்.

அப்புறம், அடுத்த முறை கையால் கிளறாதீர்கள். காய்ந்த சருகை அரிசிச் சல்லடையில் சலித்து, ஊர்வதை எல்லாம் திருப்பி விட்டுவிட்டு, மிச்சத் தூளைத் தண்ணீரில் கொட்டுங்கள். காலி ஓட்டுக்குள் காற்று இருப்பதால் மிதக்கும், மண் அடியில் தங்கும். ஈரத் தூரிகை நுனியால் தொட்டு எடுத்துக் கறுப்புத் தட்டில் வையுங்கள். தூசி ஒட்டியிருக்கிறதே என்று மட்டும் ஊதிவிடாதீர்கள். போன டிசம்பரில் நான் ஊதினேன். அரை மணி நேரம் தரையில் தவழ்ந்தும் கிடைக்கவில்லை.