முதல் ஊசிக்கு முன்

அன்புள்ள டாக்டர்,

அறுவை சிகிச்சை முடிந்த ஆறாம் நாள், மருத்துவமனையிலேயே என் தந்தைக்கு நிமோனியா வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரை இருமச் சொல்லி, சளி எடுத்த பிறகுதான் செவிலியர் முதல் ஊசியைப் போட்டார். கால் மணி நேரம் வீணானது. மெரோபெனம், வான்கோமைசின் என்று பெரிய மருந்துகளாகக் கொடுத்தவர்கள், மூன்றாம் நாள் செஃபசோலின் என்ற பழைய மருந்துக்கு இறங்கினார்கள். ஏழாம் நாள் அதையும் நிறுத்தினார்கள். தந்தை இப்போது நலம். ஆனாலும் இது அலட்சியம்தானே? வழக்குத் தொடரலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தந்தை தேறியது பெரும் நிம்மதி. இத்தனை இரவுகள் கட்டிலருகே விழித்திருந்தவருக்கு இந்தச் சந்தேகம் எழுவதில் தவறில்லை. வழக்கைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு நாள் கணக்கும் சரியே. கிருமி ரத்தத்தில் பரவாமல், உடல்நிலை தேறிவரும் பெரும்பாலோருக்கு அது போதும்.

ஆனால் ‘பெரிய மருந்து’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பின் வரும் நிமோனியாவில், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் இருக்கக்கூடும். முந்தைய 90 நாட்களில் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏறியவர்களுக்கும், வென்டிலேட்டர் தேவைப்படும் அளவுக்கு மோசமானவர்களுக்கும் அந்த அபாயம் அதிகம். கிருமி எதுவென்று தெரியாததால்தான் முதலில் வலையை அகல விரிக்கிறோம். உங்கள் தந்தையின் கல்ச்சரில், அதாவது சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், மெதிசிலின் என்ற மருந்துக்குக் கட்டுப்படும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருக்க வேண்டும். செஃபசோலினுக்கு மாற்றியதிலிருந்தே அதை ஊகிக்கிறேன். அந்தக் கிருமியை வான்கோமைசினை விட செஃபசோலின்தான் நன்றாகக் கொல்லும். டாப்டோமைசின் என்றொரு மருந்து, ரத்தத்தில் ஸ்டஃபிலோகாக்கஸைத் திறமையாக அழிக்கும். நுரையீரலின் காற்றறைகளைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட்டோ அதைச் செயலிழக்கச் செய்துவிடும், ஆகவே நிமோனியாவுக்கு அது பயன்படாது. இவற்றில் எதைப் பெரிது என்பீர்கள்?

அந்தக் கால் மணி நேரத்தை வீண் என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பயிற்சிக் காலத்தில், ஓர் இரவு, இதே நிலையிலிருந்த மூதாட்டி ஒருவருக்குப் பதற்றத்தில் ஊசிகளை முதலில் போடச் சொல்லிவிட்டு, மறுநாள் மதியம்தான் சளியை அனுப்பினேன். அவருடைய ரத்த அழுத்தம் நன்றாகவே இருந்தது; சளி எடுக்க அவகாசம் இருந்தது. ‘வளர்ச்சி இல்லை’ என்று முடிவு வந்தது. கிருமி இல்லை என்பதா, மருந்து பட்டுக் கல்ச்சரில் வளரவில்லை என்பதா, யாராலும் சொல்ல முடியவில்லை. எதை நிறுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் தொடர்ந்தோம். ஒன்பதாம் நாள், சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறத் தொடங்கியது. அதன் பிறகு சில வாரங்கள் அவர் டயாலிசிஸில் இருந்தார்.

ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்குப் போராடுபவருக்குச் சளிக்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உங்கள் தந்தை அந்த நிலையில் இல்லை. மூடி போட்ட அந்தச் சிறிய டப்பாவில், எச்சிலாக இல்லாமல் நெஞ்சிலிருந்து வந்த சளியாக விழும்வரை, முதுகைத் தாங்கிப் பிடித்தபடி அந்தச் செவிலியர் காத்திருந்திருக்கிறார். மூன்றாம் நாள் இரண்டு மருந்துகளை நிறுத்த முடிந்தது அவரால்தான். மறுபரிசோதனைக்குப் போகும்போது, அவரைத் தேடிப் பார்த்து ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.