தேவையில்லாதது என்று எதை விட்டீர்கள்?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 46. வேலை பார்த்த இடத்தில் கணக்கை மாற்றிப் பணம் எடுத்ததற்காக என் தம்பிக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 3 ஆண்டு முடிந்துவிட்டது. இப்போது பரோலுக்கு மனு போட்டிருக்கிறான். தங்கப்போகும் இடம் என்று என் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறான். அதிகாரிகள் வந்து விசாரிப்பார்களாம், நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் மனைவிக்கு இதில் இஷ்டமில்லை. மகள் படித்துக்கொண்டிருக்கிறாள், அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். பார்வை மங்கிவிட்டதால் தம்பியின் கடிதங்களை நான்தான் அவருக்குப் படித்துக்காட்டுவேன், தேவையில்லாததை விட்டுவிட்டுப் படிப்பேன். அம்மாவும் இப்போதெல்லாம் அவனைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. வீட்டில் இப்போதுதான் கொஞ்சம் நிம்மதி வந்திருக்கிறது. அவனைச் சேர்த்துக்கொள்வது என் கடமையா? மறுப்பதென்றால் அவன் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பதில்: உங்களைப் போல எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அண்ணன் எழுதுவார், அக்கா எழுதுவார், சில சமயம் பெற்ற அப்பாவே எழுதுவார். உள்ளே இருப்பவன் வரப்போகிறான், நாங்கள் என்ன செய்வது என்று. எல்லாக் கடிதத்திலும் அக்கம்பக்கத்தார் இருப்பார்கள், பிள்ளையின் எதிர்காலம் இருக்கும், இஷ்டமில்லாத ஒரு மனைவியோ கணவனோ இருப்பார். அவற்றுக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் வேறு யாரும் எழுதாத ஒரு வரி இருக்கிறது, அதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

"தேவையில்லாததை விட்டுவிட்டுப் படிப்பேன்."

எதை விட்டீர்கள்? யாருக்குத் தேவையில்லாதது? கடிதம் உங்கள் அம்மாவுக்கு வந்தது. எழுதியது அவருடைய மகன். அதில் எது தேவை, எது தேவையில்லை என்று பிரிக்கும் வேலையை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்?

அவன் என்ன எழுதியிருப்பான் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பவர்கள் அம்மாவுக்கு எழுதுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது, மாத்திரை போடுகிறாயா, ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா, என்னை மன்னித்துவிடு. இதில் "உடம்பு எப்படி இருக்கிறது" என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். வந்து பார்க்க முடியுமா என்பதைப் படித்தீர்களா? மன்னிப்புக் கேட்ட இடத்தைப் படித்தீர்களா, இல்லை அம்மா அழுவார், அப்புறம் இரவெல்லாம் தூங்கமாட்டார், நாம்தான் கூட உட்கார வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினீர்களா?

இன்னொன்றும் கேட்கிறேன். பார்வை மங்கியவர் பதில் எழுத முடியாது. அப்படியானால் அதையும் நீங்கள்தான் எழுதியிருக்க வேண்டும். அம்மா சொன்னதை எல்லாம் எழுதினீர்களா, அல்லது அங்கேயும் தேவையில்லாததை விட்டுவிட்டீர்களா? சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு அம்மா இரண்டு வரியில் முடித்துக்கொண்டார் என்று தோன்றியிருக்கும். இந்தப் பக்கம் இருக்கிற அம்மாவுக்கு, மகன் நான்கு வரிக்கு மேல் எழுதுவதில்லை என்று தோன்றியிருக்கும். அவர் இப்போது அவனைப் பற்றிக் கேட்பதில்லை என்று எழுதுகிறீர்கள், அதை நிம்மதிக் கணக்கில் சேர்க்கிறீர்கள். ஐயா, கேட்டால் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்துபோய்விட்டது, அதனால் நிறுத்திவிட்டார். பெற்றவள் மறந்துவிட்டாள் என்று உங்களுக்கு உண்மையிலேயே தோன்றுகிறதா?

சிறையில் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள். உங்கள் தம்பியின் கடிதத்தையும் யாரோ ஒரு அதிகாரி பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பார். அவர் போகலாம் என்று விட்டதை நீங்கள் வீட்டில் வைத்து வெட்டியிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசை எதிர்த்த நெல்சன் மண்டேலாவை 1964-இல் ராபன் தீவுச் சிறைக்குக் கொண்டுபோனபோது, ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு, அவ்வளவுதான் அனுமதி. வருகிற கடிதத்திலும் அதிகாரிகளுக்குப் பிடிக்காத வரிகளை முதலில் மையால் அடித்தார்கள், பின்னாளில் பிளேடால் வெட்டி எடுத்தார்கள். 1968-இல் அவருடைய அம்மா இறந்தபோது அடக்கத்துக்குப் போக விடவில்லை. அடுத்த ஆண்டு மூத்த மகன் விபத்தில் இறந்தான், அதற்கும் விடவில்லை. உலகம் இதையெல்லாம் கொடுமை என்று இன்றும் சொல்கிறது. அது ஒரு அரசாங்கம் தன் எதிரிக்குச் செய்தது. நீங்கள் உங்கள் அம்மாவுக்குச் செய்திருக்கிறீர்கள். வெட்டிய வரி அங்கே ஓட்டையாகவாவது தெரிந்தது. உங்கள் அம்மாவுக்கு வரி போனதே தெரியாது.

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1955-இல் வகுத்த விதிகளை 2015-இல் திருத்தி, மண்டேலாவின் பெயரையே வைத்தார்கள். மண்டேலா விதிகள் என்று சொல்கிறார்கள், மொத்தம் 122. எந்த நாட்டையும் கட்டிப்போடும் சட்டம் கிடையாது, ஆனால் ஒரு நாகரிகமான சிறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல். அதில் 43-ஆவது விதியை உங்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே இருப்பவன் தப்புச் செய்தால் தண்டிக்கலாம், ஆனால் குடும்பத்தோடு தொடர்பே கூடாது என்பதை அந்தத் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது. பாதுகாப்புக்காகவும் ஒழுங்குக்காகவும் மட்டும், கட்டாயம் தேவைப்பட்டால், குறிப்பிட்ட காலத்துக்குத் தொடர்பைக் கட்டுப்படுத்தலாம். நெருங்கிய உறவினர் கடுமையாக நோய்ப்பட்டால் கைதிக்கு உடனே சொல்ல வேண்டும், முடிந்தால் போய்ப் பார்க்கவும் விட வேண்டும் என்று 70-ஆவது விதி இருக்கிறது. அதாவது சிறையே செய்யக் கூடாது என்று எழுதி வைத்திருக்கும் தண்டனையை நீங்கள் வீட்டில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதுவும் இரண்டு பேருக்கு, அதில் ஒருவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

உங்கள் தம்பி செய்ததை நான் சின்ன விஷயம் என்று சொல்லவரவில்லை. பணம் எடுத்தான், அந்தப் பணம் போனதால் யாரோ பாதிக்கப்பட்டிருப்பார்கள், அவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதையும் கவனித்தேன். அவன் வெளியே வந்து முதலில் யோசிக்க வேண்டியது அவர்களைத்தான். ஆனால் அவன் குற்றத்தை எடை போட்டு 5 ஆண்டு என்று ஒரு நீதிபதி முடிவு செய்துவிட்டார். அதற்கு மேல் ஒரு நாள் கூட்டவும் உங்களுக்கு அதிகாரம் இல்லை. அண்ணனாக இருப்பதால் அந்த அதிகாரம் வந்துவிடாது. கோபப்படலாம், அவனிடம் நேராகப் போய்த் திட்டலாம், இனி என் பணத்தைத் தொடாதே என்று சொல்லலாம். அதெல்லாம் அண்ணனுக்கு உரிமை. அம்மாவிடமிருந்து அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பது யாருக்கும் உரிமை கிடையாது.

சரி, வீட்டு விஷயம். கடமையா என்று கேட்டீர்கள். என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: கடமைதான். கூடப் பிறந்தவன் திரும்பி வர ஓர் இடம் கேட்டால், கொடுக்க முடிகிறவர்கள் கொடுக்க வேண்டும். சிறையில் இருப்பவனை இன்னும் சமுதாயத்தின் பகுதியாகவே நடத்த வேண்டும் என்று எத்தனை விதி எழுதினாலும், அதிகாரிகள் கதவைத் திறந்துவிடத்தான் முடியும், அதற்கு மேல் யாராவது ஒரு வீட்டுக்காரர் வேண்டும். பரோலுக்கு முகவரி கேட்பதும் இதனால்தான். விடலாம் என்று முடிவாகியும் ஒத்துக்கொள்ளும் முகவரி இல்லாததால் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. நீங்கள் போடும் கையெழுத்துக்கு அவ்வளவு கனம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போடுங்கள், அல்லது தெரிந்துகொண்டு மறுங்கள்.

கருணைக்காக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலச் சிறைத்துறை 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 பேரைப் பின்தொடர்ந்து பார்த்து, 2011-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சிறையில் இருந்தபோது யாராவது வந்து பார்த்திருந்தால், மறுபடி குற்றம் செய்து தண்டனை பெறும் அபாயம் 13 சதவீதம் குறைந்திருந்தது. யார் வந்து பார்த்தால் அதிகப் பலன் என்றும் பிரித்துப் பார்த்தார்கள். அந்தப் பட்டியலில் உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்கள், அப்பாக்கள் இருக்கிறார்கள், திருமணவழி உறவினர்களும் மதகுருமாரும் இருக்கிறார்கள். எல்லாச் சந்திப்பும் நல்லது செய்துவிடவில்லை, பிரிந்துபோன வாழ்க்கைத்துணை வந்து பார்த்தவர்களுக்கு அபாயம் கூடத்தான் செய்தது. ஆனால் அண்ணன் தம்பி போய்ப் பார்ப்பது பலன் தருகிறது. இந்த 3 ஆண்டில் நீங்கள் எத்தனை தடவை போனீர்கள் என்று உங்கள் கடிதம் சொல்லவில்லை. நான் கேட்கிறேன்.

உங்கள் மனைவிக்கு இஷ்டமில்லை என்கிறீர்கள். அவருக்கு அந்த உரிமை உண்டு, வீடு அவருடையதும்கூட. ஆனால் அவரிடம் என்ன சொல்லிக் கேட்டீர்கள்? பரோல் என்றால் சில இடங்களில் சில நாள் விடுப்பு, போய்விட்டுத் திரும்பி வந்து மீதியை அனுபவிக்க வேண்டும். சில இடங்களில் மீதித் தண்டனைக் காலம் முழுவதையும் வெளியே கண்காணிப்பில் கழிப்பது. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! சில நாள் தங்க வருபவனா, இரண்டு வருடம் கூடவே இருக்கப்போகிறவனா என்பதுகூட உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை, உங்களுக்கே தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது. அதிகாரி வரும்போது ஒளிந்துகொள்ளாமல் உட்காரவைத்துக் கேளுங்கள். எத்தனை நாள், எப்போது போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஊரைவிட்டுப் போகலாமா, வீட்டைச் சோதனை போட வருவார்களா, வந்தால் மகளின் அறையையும் பார்ப்பார்களா, அவன் நிபந்தனையை மீறினால் உங்கள் மேல் ஏதாவது வருமா. மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும். முழுவதும் கேட்டபின் அவர் வேண்டாம் என்றால் அது ஒரு முடிவு. பாதிதான் தெரிந்து வேண்டாம் என்றால் அது பயம், அந்தப் பயத்தின் பின்னால் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

மகளைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். ஊராருக்கு ஏற்கெனவே தெரியும். வீட்டில் அவளிடம் உண்மையை முழுசாகச் சொல்லுங்கள், யாராவது கேட்டால் "ஆமாம், என் சித்தப்பாதான், தப்புச் செய்தார், தண்டனை அனுபவித்தார்" என்று சொல்ல அவளுக்கு வாய் இருக்கட்டும்.

மனம் நோகாமல் எப்படி மறுப்பது என்று கேட்டீர்கள், அதற்கு வழி கிடையாது. மறுத்தால் நோகும். நோகாமல் சொல்கிறேன் என்று மழுப்பி, அதிகாரியிடம் பார்க்கலாம் என்று இழுத்து, தேதியைத் தாண்டவிட்டுவிடாதீர்கள், அது மறுப்பதைவிட மோசம்.

இப்போது செய்ய வேண்டியது. பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுங்கள், கிழித்துப்போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவிடம், இத்தனை நாள் சிலதை விட்டுவிட்டுப் படித்தேன் என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் முதல் கடிதத்திலிருந்து ஒரு சொல் விடாமல் படியுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், அவர் போதும் என்றால் நிறுத்துங்கள், அழுதால் அழட்டும். உங்களைத் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பதில் சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள், உங்களைப் பற்றிக் குறை சொன்னாலும் எழுதுங்கள். அம்மாவால் பயணம் செய்ய முடியும் என்றால் சந்திப்பு நாள் கேட்டு அழைத்துக்கொண்டு போங்கள். முடியாதென்றால் தொலைபேசியிலோ காணொளியிலோ பேச வசதி இருக்கிறதா என்று சிறையில் விசாரியுங்கள், இப்போது பல சிறைகளில் இருக்கிறது. உங்கள் மகளைக் கடிதம் படிக்கச் சொல்லலாமா என்று அம்மாவிடம் கேளுங்கள். இனி யார் படிக்க வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதையெல்லாம் முடித்த பிறகு உங்கள் வீட்டில் இடம் உண்டா இல்லையா என்று மனைவியோடும் அம்மாவோடும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். உண்டு என்றால் கையெழுத்துப் போடுங்கள். இல்லை என்றால் அதிகாரி மூலமாகச் சொல்லி அனுப்பாமல் நீங்களே போய் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், மனு விசாரணைக்கு வருவதற்கு முன்பே சொல்லுங்கள். அப்போதுதான் வேறு உறவினரையோ, விடுதலையானவர்களைத் தங்கவைக்கும் விடுதியையோ தேட அவனுக்கு நேரம் இருக்கும்.