காஸ்ட்ருலாய்டு நீளாமல் உருண்டையாகவே நிற்பது ஏன்?

காஸ்ட்ருலாய்டு என்பது ஸ்டெம் செல்களைத் திரட்டி வளர்க்கும், தொடக்கநிலைக் கருவைப் போன்ற செல் உருண்டை. சுண்டெலியின் கரு ஸ்டெம் செல்லில் வளர்த்த காஸ்ட்ருலாய்டு 120 மணி நேரமாகியும் நீளவில்லை என்றால், முதலில் செல் எண்ணிக்கையைச் சந்தேகப்படுங்கள். வளர்ப்புத் தட்டில் யூ வடிவ அடியுள்ள ஒவ்வொரு குழியிலும் 40 மைக்ரோலிட்டர் என்2பி27 (சீரம் இல்லாத வளர்ப்புத் திரவம்) ஊடகத்தில் சுமார் 300 செல் போதும். மிக அதிகமானால் ஒரே உருண்டையில் இரண்டு மூன்று வால் முளைக்கும். மிகக் குறைந்தால் நீளவே நீளாது.

அடுத்த சந்தேகம், ஸ்டெம் செல்களை முன்பு வளர்த்த ஊடகத்திலிருந்த சீரம் (இரத்தத்திலிருந்து எடுக்கும் திரவம்). செல்களை பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசல்) இருமுறை நன்றாகக் கழுவாவிட்டால், ஒட்டியிருக்கும் சீரமும் லிஃப்பும் (ஸ்டெம் செல் நிலையைக் காக்கும் புரதம்) அவற்றைப் பழைய ஸ்டெம் செல் நிலையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அவசரத்தில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

48ஆம் மணியில் 3 மைக்ரோமோலார் சிர்99021 (சுருக்கமாக சிர்) என்ற மருந்து கலந்த 150 மைக்ரோலிட்டர் ஊடகத்தைச் சற்று வேகமாகவே விடுங்கள். அடியில் ஒட்டிய உருண்டை கிளம்பிவிடும். ஒட்டியதை அப்படியே விட்டால் தட்டையாகப் பரவிவிடும். 72ஆம் மணியில் மருந்தில்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள். சிர், கருவின் பின்பகுதி உருவாக உதவும் விண்ட் என்ற செல் சமிக்ஞையைத் தூண்டும். அதனால் உருவாகும் பிராக்கியூரி என்ற புரதம் ஒரு முனையில் ஒதுங்கினால்தான் அந்தப் பக்கம் நீளும்.