பழைய பாணி உடையும் பக்கத்து இருக்கைக்காரரும்: கேள்வி பதில்

ஐம்பது, அறுபது, எழுபதுகளின் பாணியில் உடை தைத்து அன்றாடம் உடுத்துவோர் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இப்போது கூடியிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்தப் பாணி உடைகளைத் தைப்பதிலும் திருத்துவதிலும் அனுபவமுள்ள, அவர்களுள் ஒருவர் பதில் சொல்கிறார்.

செந்தூலில் இருந்து: அக்கா, பஃப் கை ரவிக்கையும் பருத்திச் சேலையும் கட்டிக்கொண்டு எல்.ஆர்.டி.யில் வேலைக்குப் போகிறேன். தினம் ஒருவராவது "என்னம்மா விசேஷம்? கல்யாணமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். எதை மாற்றினால் இது நிற்கும்?

அந்தக் கேள்வி உங்கள் ரவிக்கையைப் பற்றியது என்று நினைக்காதீர்கள். பாதிக்கு மேல் அது சேலையைப் பற்றியது. கோலாலம்பூரில் இளம் பெண்கள் வேலைக்கு பஞ்சாபி சூட்டோ கால்சட்டையோ போடுவதுதான் வழக்கம். சேலை என்றால் கோயில், கல்யாணம், தீபாவளி. அதனால் காலை எட்டு மணிக்குச் சேலையைப் பார்த்ததும், "இன்றைக்கு என்ன நாள்?" என்ற கணக்குத்தான் முதலில் ஓடும். விசேஷத்துக்குரிய அடையாளம் எத்தனை தெரிகிறதோ, கேள்வியும் அத்தனை வரும். பூ, ஜரிகை, கல் வைத்த தோடு, அடர்ந்த கண்மை, குதிகால் செருப்பு என்று ஐந்தும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் கேட்பார்கள். பூவையும் ஜரிகையையும் எடுத்துவிட்டு, தினம் தூக்கும் அதே அலுவலகப் பையையும் தினம் கட்டும் அதே கைக்கடிகாரத்தையும் வைத்துப் பாருங்கள். பை பழகியதாக இருந்தால் உடையும் பழகியதாகத் தெரியும். பழைய பாணிக்குப் பொருத்தமாக மணி கோத்த சின்னப் பை தூக்கினால், தலை முதல் கால் வரை எல்லாம் ஒரே காலத்துக்குப் போய்விடும். அப்போது உடை வேஷமாகிவிடும்.

அடுத்தது பஃப். தோளில் சுருக்கத்துக்கு 3 அங்குலம் கூடுதல் துணி, கைமுகட்டின் உயரத்துக்கு 1 அங்குலம். அறுபதுகளின் சாயலுக்கு இது போதும். பல தையல்கடைகளில் படத்தைக் காட்டினால் 6 அங்குலச் சுருக்கமும் 2 அங்குல உயரமும் வைத்துவிடுகிறார்கள், அது மேடைக்குத்தான் ஆகும். கை நீளம் தோளில் இருந்து 9 அங்குலம் வைத்தால் முழங்கைக்குச் சற்று மேலே நிற்கும். டூ-பை-டூ ரூபியா துணி மழையில் நனைந்ததும் பஃப் தொய்ந்துவிடும். முதுகுப்பை போட்டால் ஒரு பக்கம் மட்டும் நசுங்கும். கோணலாக நிற்கும் பஃப்தான் அதிகம் பார்க்க வைக்கிறது. உள்ளே, தோள் தையலோடு சேர்த்து, 2 அங்குல அகலத்தில் ஆர்கன்சா (விறைப்பான மெல்லிய துணி) பட்டை ஒன்றைச் சுருக்கி வைக்கச் சொல்லுங்கள். நசுங்கினாலும் ஒரு தட்டில் எழுந்துவிடும்.

கேள்விக்குப் பதில் என்றால், "இன்னிக்கு வேலைதான் ஆண்டி" என்று சிரித்தபடி சொல்லிவிடுங்கள். ஏன் இப்படி உடுத்துகிறீர்கள் என்று விளக்கத் தொடங்கினால் மஸ்ஜித் ஜாமெக் வரைக்கும் பேச வேண்டியிருக்கும். ஒரே ரயிலில் ஒரே நேரத்துக்குப் போகிறவர் என்றால் மூன்று, நான்கு வாரத்தில் முகங்கள் பழகிவிடும். பிறகு நீங்கள் ஜீன்ஸ் போடும் நாளில்தான் கேள்வி வரும்.

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் இருந்து: ஆர்மீனியன் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தாலே கேட்காமல் படம் எடுக்கிறார்கள். சிலர் பக்கத்தில் வந்து நின்றே எடுக்கிறார்கள்.

2008இல் உலக மரபுரிமைத் தகுதி, 2012இல் சுவரோவியங்கள். அதன் பிறகு அந்தத் தெருக்களுக்கு வருகிறவர்கள் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டே வருகிறார்கள். பழைய கடைவீட்டு முன்னால் பழைய பாணி உடையில் ஒருவர் நின்றால், காட்சிக்காக நிறுத்தியவர் அல்லது கடையின் ஆள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்தடி நடைபாதையில் தூணுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், அது தானாகவே சட்டம் போட்ட படம் மாதிரி அமைந்துவிடும். கையில் மங்குத்தட்டோ காய்கறிப் பையோ இருந்தால் கைப்பேசி இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

வேண்டாம் என்றால் உள்ளங்கையை மார்பு உயரத்தில் விரித்துக் காட்டி, "தோலோங், ஜாங்ஙான் அம்பில் காம்பார்" (தயவுசெய்து படம் எடுக்காதீர்கள்) என்று மலாயில் ஒரே முறை, குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். முகத்தை மூடிக்கொண்டு ஓடினால் அவர்களுக்கு இன்னும் சுவாரசியம். எடுத்துவிட்டார் என்றால் "தோலோங் பாடாம்" என்று அழிக்கச் சொல்லி, அண்மையில் அழித்தவை என்ற பெட்டியிலும் நீக்கினாரா என்று பாருங்கள். படம் அங்கே பல நாள் இருக்கும். அவர் கைப்பேசியைப் பிடுங்கவே கூடாது. கேட்டுவிட்டு எடுப்பவருக்குச் சம்மதம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். சொன்னால் அவர் பக்கத்தில் நிற்பதும் கை போடுவதும் அதில் அடங்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சுபாங் ஜெயாவில் இருந்து: ஐம்பதுகளின் வட்டப் பாவாடை, உள்ளே வலைப் பெட்டிகோட். ரயிலில் இடம் அடைக்கிறது, எஸ்கலேட்டரில் பயமாக இருக்கிறது, ஆட்கள் முறைக்கிறார்கள்.

இதில் முறைப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 28 அங்குல இடுப்பு, 27 அங்குல நீளம் என்று வைப்போம். முழு வட்டத்துக்கு இடுப்பை 6.28ஆல் வகுத்தால் இடுப்பு வளைவின் ஆரம் 4.5 அங்குலம். அதோடு நீளத்தைக் கூட்டினால் 31.5. ஓரச் சுற்றளவு 198 அங்குலம், கிட்டத்தட்ட 5 மீட்டர்! உள்ளே வலை வைத்து அதை விரித்தால் நெரிசல் நேரத்தில் இன்னொருவர் நிற்கும் இடத்தை உங்கள் பாவாடை எடுத்துக்கொள்கிறது.

அரை வட்டம் தைத்துக்கொள்ளுங்கள். இடுப்பை 3.14ஆல் வகுத்தால் ஆரம் 9 அங்குலம், ஓரம் 113 அங்குலம், 3 மீட்டருக்கும் குறைவு. நடையில் அதே அசைவு இருக்கும், உட்கார்ந்தால் மடியில் அடங்கும். 45 அங்குல அகலத் துணியில் முழு வட்டத்துக்கு 3.5 மீட்டர் வேண்டும், அரை வட்டத்துக்கு 2.25 மீட்டரில் இடுப்புப் பட்டியும் சேர்ந்துவிடும். வெட்டி இடுப்புப் பட்டி வைத்ததும் ஓரம் மடிக்காமல் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். மூலைவாட்டமாக (கிராஸாக) விழும் இடங்களில் துணி இழுபட்டு நீளும், சமப்படுத்திய பிறகே மடிக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் பின்பக்கம் ஓரிடம் தாழ்ந்து நிற்கும். "பாவாடை இறங்கியிருக்கும்மா" என்று வழியில் நாலு பேர் சொல்வது அதனால்தான்.

நைலான் வலை நம் ஊருக்கு ஆகாது. 32, 33 பாகை வெயிலில், காற்றில் இவ்வளவு ஈரத்தோடு, அது தொடையில் உரசிப் புண்ணாக்கும். அதற்குப் பதிலாகப் மெல்லிய பருத்தி வாயில் துணியில் இரண்டு அடுக்கு உள்பாவாடை, கீழடுக்கு மேலடுக்கின் ஒன்றரை மடங்கு. வெளிப்பாவாடையின் ஓரத்தில் 1 அங்குல ஹார்ஸ்ஹேர் பட்டை (விறைப்பான பின்னல் நாடா) வைத்துத் தைத்தால் வலை இல்லாமலே விரிந்து நிற்கும். அடியில் சைக்கிள் ஷார்ட்ஸ் கட்டாயம். காற்றில் தூக்கும் என்று பயமாக இருந்தால், திரைச்சீலைக் கடையில் விற்கும் எடைக் கயிற்றை ஓர மடிப்புக்குள் விடலாம்.

எஸ்கலேட்டரில் ஆபத்து பக்கத்தில் இருக்கிறது. படியின் ஓரத்தில் பிரஷ் இருக்கும் இடத்தில்தான் லேஸும் முந்தானையும் மாட்டும். நடுப்படியில் நின்று பாவாடையை இடது கையால் சேர்த்துப் பிடியுங்கள். மாட்டிக்கொண்டால் இழுக்காமல் "ஸ்டாப்!" என்று கத்துங்கள், மேலேயும் கீழேயும் சிவப்புப் பொத்தான் இருக்கும்.

ஈப்போ சாலையில் இருந்து, ஓர் ஆண்: பெல்பாட்டமும் அகலக் காலரும் போட்டால் வயதான அங்கிள்கள் கிண்டலடிக்கிறார்கள். இளசுகள் ஒன்றும் சொல்வதில்லை. ஏன்?

இளசுகளுக்கு அது ஒரு தையல் வடிவம் மட்டும். அந்த அங்கிள்களுக்கோ அது வீட்டுச் சண்டை. எழுபதுகளில் அகலக் கால்சட்டையும் நீள முடியும் வைத்த பையனை அப்பா வாசலிலேயே நிறுத்தி வைத்த காலம். பக்கத்துச் சிங்கப்பூரில் நீள முடிக்காரர்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அரசு அலுவலகங்களில் சுவரொட்டியே ஒட்டினார்கள். அதனால் கிண்டல் என்று நீங்கள் கேட்பதில் பாதி பழைய ஏக்கம். "நீங்க எத்தனை அங்குலம் வச்சீங்க அங்கிள்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு திரும்பிவிடும்.

தையலைச் சொல்கிறேன் தம்பி. அந்தக் காலத்துக் கணுக்கால் சுற்றளவு 24 முதல் 26 அங்குலம். தினம் போட 20, 21 போதும். முட்டியில் 17 அங்குலம் பிடித்து, முட்டிக்கு 2 அங்குலம் மேலிருந்தே விரிவைத் தொடங்கச் சொல்லுங்கள். முட்டிக்குக் கீழே தொடங்கினால் கால் குட்டையாகத் தெரியும். ஓரத்தைச் சரிவாக மடிக்க வேண்டும், முன்பக்கம் அரை அங்குலம் ஏறி, பின்பக்கம் தரையில் இருந்து அரை அங்குலம் விட்டு. நேராக மடித்தால் முன்னே ஷூ மேல் மடிந்து, பின்னே மழைத் தண்ணீரை உறிஞ்சும். மோட்டாரில் போகிறவர் என்றால் சங்கிலிப் பக்கக் காலில் கிளிப் போடாமல் கிளம்பாதீர்கள். காலர் முனை 4 அங்குலம் உண்மையான அளவு, 3.25 வைத்தாலே சாயல் வந்துவிடும்.

கிள்ளானில் இருந்து: பாட்டிமார் கேட்காமலே சேலையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். சங்கடமாக இருக்கிறது.

அவர்கள் விரலிடுக்கில் துணியைத் தேய்த்துப் பார்ப்பது நைலக்ஸா, வாயிலா, சின்னாளப்பட்டியா என்று கண்டுபிடிக்க. அந்தத் தலைமுறை கடையில் துணி வாங்கியதே அப்படித்தான். முந்தானை நுனியை நீங்களே நீட்டிவிடுங்கள், தோளிலும் இடுப்பிலும் கை வராது. அவர்களிடம் கேட்டு வாங்க நிறைய இருக்கிறது: ரவிக்கைக்குக் கொக்கி முன்னாலா பின்னாலா, கழுத்து எவ்வளவு இறக்கம், கொசுவம் எத்தனை. இவற்றைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் சேலையே நிஜமான பழைய பட்டு என்றால், "பழசு பாட்டி, மடிப்புல விடும்" என்று சொல்லிவிடலாம், கோபிக்க மாட்டார்கள். பழைய பட்டு மடிப்பு விழுந்த கோட்டில்தான் முதலில் கிழியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை இடம் மாற்றுங்கள்.

முடியைத் தொடுவது வேறு. உயரக் கொண்டையைத் தொடக் கை வந்தால் ஓரடி பின்னால் நகருங்கள், அது யாராக இருந்தாலும்.

செராஸில் இருந்து: பண்டல் கடையில் (பழைய துணி விற்கும் கடை) வாங்கிய கவுன். பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போய்விட்டார். வாசனையா?

வாசனைதான். பூச்சி உருண்டையும் பூசணமும் சேர்ந்த வாடை உடுத்தியவருக்குப் பத்து நிமிடத்தில் பழகிவிடும், பக்கத்தில் இருப்பவருக்கு அப்போதுதான் தொடங்கும். உடல் சூட்டிலும் வியர்வையிலும் அது மறுபடி கிளம்பும். அதன் மேல் வாசனைத் திரவியம் தெளித்தால் இரண்டு மடங்காகும்.

முதலில் இரண்டு நாள் நிழலில் காற்றாட விடுங்கள். வெள்ளைப் பருத்தி என்றால் 4 லிட்டர் வெந்நீருக்கு 2 மேசைக்கரண்டி ஆக்சிஜன் வெளுப்பான், ஒரு மணி நேரம் ஊறல். பட்டுக்கும் கம்பளிக்கும் இதைத் தொடவே கூடாது. சாயத் துணியை உள்தையலில் ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு, கடைசி அலசலில் ஒரு கப் வெள்ளை வினிகர் விடுங்கள். ரேயான் என்றால் சுருங்கும், தைத்துத் திருத்தும் முன்பே அலசிவிட வேண்டும். கையிடுக்கில் மட்டும் வாடை நின்றால், அந்த இடத்தின் உள்துணியைப் பிரித்து மாற்றுவதே தீர்வு. இனிமேல் அக்குளில் கழற்றித் துவைக்கும் பருத்தித் திண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்கார்ப் மாலின் வாரக்கடைசிச் சந்தையிலும் பினாங்கு லோரோங் கூலிட் காலைச் சந்தையிலும் வாங்கும்போது அக்குளையும் கழுத்துப் பட்டியையும் கடையிலேயே முகர்ந்து பாருங்கள். விற்பவர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

பெயர் வேண்டாம் என்றவர்: பாராட்டு என்ற பெயரில் ஆபாசமாகப் பேசுகிறார்கள். இந்த உடை போட்டதால்தானே என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இல்லை. தப்பு பேசியவருடையது, உடையுடையது இல்லை. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. தண்டனைச் சட்டம் 509ஆம் பிரிவின்படி ஒருவரின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கில் பேசுவதும் சைகை காட்டுவதும் குற்றம், ஐந்தாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். அதற்குப் போலீஸ் புகார் செய்ய வேண்டும். இதோடு 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்கமாக வழக்கறிஞர் தேவையில்லை, 250,000 வெள்ளி வரை இழப்பீடு விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு.

அந்த நேரத்தில் வாதம் செய்யாதீர்கள், இறங்கி இன்னொரு பெட்டிக்குப் போங்கள். கே.டி.எம். கொமூட்டரில் பெண்களுக்கென்றே பெட்டி இருக்கிறது. நேரம், நிலையம், பெட்டி, ஆளின் சட்டை நிறம், சொன்ன சொற்கள் அப்படியே, இவற்றை உடனே கைப்பேசியில் எழுதி வையுங்கள். நிலைய ஊழியரிடம் அன்றைக்கே சொன்னால் கேமராப் பதிவைத் தேடுவது சுலபம்.

பிரிக்பீல்ட்ஸில் இருந்து: தமிழ்ப் பெண் கெபாயா (சாரோங்குக்கு மேல் போடும், முன்பக்கம் திறந்த சட்டை) போட்டால் "உங்க உடை இல்லையே" என்கிறார்கள்.

மலாக்கா செட்டிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சாரோங் கெபாயா உடுத்துகிறவர்கள், அவர்கள் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ கெபாயாவைப் பட்டியலில் சேர்த்தபோதும் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து என்று ஐந்து நாடுகள் சேர்ந்துதான் விண்ணப்பித்தன. கேட்பவரிடம் மலாக்கா செட்டிகளைப் பற்றிச் சொன்னாலே போதும்.

ஆனால் தப்பாகப் போட்டால் நோஞா (பெரானாக்கான் சீன) ஆண்டிகள் திருத்துவார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய வாயில் என்பதால் உள்ளே தோல் நிறத்துப் பருத்தி உள்சட்டை, முன்னால் மூன்று கெரோங்சாங் (சட்டையை மூடும் அலங்கார ஊசி), சாரோங்கின் தலைப்புப் பகுதி முன்பக்கம். பத்துமலையில் 272 படி ஏறக் கட்டுச் சாரோங் ஒத்துவராது. பின்னால் மடிப்பு விட்டுத் தைத்த சாரோங்கைப் போடுங்கள்.

பட்டர்வொர்த்தில் இருந்து: அரசு அலுவலகத்தில் உள்ளே விடுவார்களா?

முட்டிக்குக் கீழே பாவாடை, தோள் மூடிய கை, முழுச் செருப்பு இருந்தால் காலம் எதுவானாலும் பிரச்சினை இல்லை. கையில்லாத அறுபதுகள் கவுன் என்றால் பையில் ஒரு கார்டிகன்.

ரவாங்கில் இருந்து: குழந்தைகள் விரலை நீட்டி "அம்மா, அந்த அக்கா யாரு?" என்று சத்தமாகக் கேட்கிறார்கள். அம்மா வெட்கப்பட்டு அடக்குகிறார்.

குனிந்து "வணக்கம்" சொல்லுங்கள். பாவாடை விரியுமா என்று பார்க்கத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள், இடம் இருந்தால் ஒரு சுற்று சுற்றிக் காட்டுங்கள். ரயில் ஓடும்போது வேண்டாம்.